பஞ்சு வைத்த சுவர்

அத்தியாயம் பதினொன்று

போன அத்தியாயத்தில் அடுப்பை இறக்கி வைத்துவிட்டு நாம் பாட்டுக்கு ஒதுங்கிக்கொண்டோம். அந்த வீட்டில் பத்து நாளாக விறகு எரிந்துகொண்டுதான் இருந்தது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒரே வீடு, அண்ணன், தம்பி. அப்பா விட்டுப்போன வீட்டை விற்கலாம் என்றான் தம்பி, கூடவே கூடாது என்றார் அண்ணன். பேச்சு முற்றி, கூடத்தின் நடுவே ஒரு மரச்சுவர் எழும்பியது. இரண்டு பக்கமும் பலகை, உள்ளே சட்டங்கள், சட்டங்களுக்கு நடுவே பஞ்சு. "அந்தப் பக்கத்துத் தும்மல்கூட எனக்குக் கேக்கக் கூடாது" என்றான் தம்பி. "பஞ்சை நானே வாங்கி நானே திணிக்கிறேன்" என்றார் அண்ணன். சொன்னபடி இரண்டு மூட்டை பஞ்சும் வந்து இறங்கியது. அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. மூன்று வருடமாகிறது.

ஆனால் தும்மல் கேட்கிறது. இருமல் கேட்கிறது. அண்ணி தையல் மெஷினை மிதிக்கிற சத்தம் கடகடவென்று கேட்கிறது. மட்டமான பஞ்சை வாங்கி ஏமாந்திருக்கிறார் அண்ணன் என்று தம்பி முடிவு கட்டிவிட்டான்.

வாசகர்கள் சிலர் கேட்டிருந்தீர்கள்: தங்கள் பாதியை ரகசியமாக விற்றுவிட்டுப் போகப்போகிறவர்களுக்குப் புது அடுப்பு எதற்கு என்று. நியாயமான கேள்வி. குளிர்ந்து கிடக்கிற வீட்டை யார் வாங்குவார்கள்? வருகிறவர் உள்ளே காலெடுத்து வைத்ததும் உடம்பு இதமாக வேண்டாமா? அதற்குத்தான் இந்த இரும்பு அடுப்பு, கூரை வரை போகிற புகைக்குழாய், எல்லாம். வீடு பார்க்க ஆள் வருவது புதன்கிழமை. அது தம்பிக்கும் அவன் மனைவிக்கும் நமக்கும் மட்டும் தெரிந்த விஷயம். அவர்கள் அதைக் குசுகுசுவென்றுதான் பேசிக்கொள்கிறார்கள். தும்மலைக் கடத்துகிற சுவர்கூடக் குசுகுசுப்பைக் கடத்தாது என்பது அவர்கள் கணக்கு.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை.

தம்பியின் மனைவியை நாம் சின்னவள் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். மருந்துக்கடையில் வேலை. மாத்திரை அட்டையோடு மடித்து வைத்திருக்கும் பொடியெழுத்துத் தாளைக் கடைசி வரி வரை படிக்கிற ஒரே ஆள் உலகத்திலேயே அவள்தான் என்பது அவள் கணவனின் கட்சி. அடுப்போடு வந்த தாளையும் அவள் அப்படித்தான் படித்தாள்.

மரச்சுவர் ஓரம் அடுப்பு வைத்தால் நடுவில் இரும்புத் தகடு வேண்டும். தகடு சுவரைத் தொடக் கூடாது. ஓர் அங்குலம் தள்ளி, பீங்கான் குமிழ்கள் தாங்க நிற்க வேண்டும். அடியும் மேலும் திறந்தே இருக்க வேண்டும். கீழே குளிர்ந்த காற்று நுழையும், தகட்டின் சூட்டை வாங்கிக்கொண்டு மேலே ஏறிப் போய்விடும். சுவர் பிழைக்கும். பொருத்த வந்த ஆள் குமிழ்களை முடுக்க முடுக்க, சின்னவள் ஸ்கேலை வைத்து ஒவ்வொன்றாக அளந்தாள். "சாமி, இது ஊசி மருந்து இல்லம்மா" என்றார் அந்த ஆள். அவள் காதில் வாங்கவில்லை.

அன்றைக்கே ஒரு பரீட்சையும் வைத்தாள். மெல்லிய காகிதக் கீற்று ஒன்றைத் தகட்டின் அடிவாயில் பிடித்தாள். காற்று அதை உள்ளே இழுத்து மேல்நோக்கி ஆட்டியது. அவளுக்குத் திருப்தி.

இன்று காலை, சும்மா ஒரு யோசனையில், அதே மாதிரி கீற்றைப் பிடித்தாள். அது தொங்கியது. அடுப்பு நன்றாக எரிகிறது, தகடு கொதிக்கிறது, காகிதம் மட்டும் அசையவில்லை.

"என்னங்க, இங்க வாங்களேன். இது ஏன் ஆடல?"

தம்பி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். அச்சகத்தில் அவசர வேலை, ஞாயிறும் போயாக வேண்டும்.

"காகிதத்துக்கு இன்னிக்கு மனசு சரியில்லையோ என்னவோ."

"விளையாடாதீங்க. உள்ள காத்து போகல. எலி எதாவது கூடு கட்டிடுச்சா?"

"அந்தச் சூட்டுல எந்த எலி கூடு கட்டும்?"

"அப்ப அடுப்பை அணைச்சுட்டுப் பாத்துடறேன்."

"வேணாம், வேணாம்! எரியட்டும்." அவன் குரல் தேவைக்கு மேல் உயர்ந்தது. பிறகு இறங்கியது. "அணைச்சு அணைச்சு ஏத்தினா விறகுதான் வீண். நான் சாயங்காலம் வந்து பாக்கறேன். நீ கைய வைக்காத."

அவன் போன பிறகும் சின்னவள் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். விறகு வீணாவதைப் பற்றி இந்த மனிதர் என்றைக்குக் கவலைப்பட்டார்? டார்ச்சை எடுத்து அடிவாயில் அடித்துப் பார்த்தாள். உள்ளே ஏதோ மின்னியது. தகடு மின்னாமல் வேறென்ன செய்யும் என்று விட்டுவிட்டாள். தகட்டை ஒட்டிய மரச்சுவரில் கையை வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்தாள். கடையிலிருந்து கொண்டுவந்த காய்ச்சல் பார்க்கிற கருவியை அங்கே அழுத்திப் பிடித்தாள். அது எண் எதுவும் காட்டவில்லை, ஓர் எழுத்தைக் காட்டியது. மனிதனுக்கு அவ்வளவு காய்ச்சல் வராது என்று அர்த்தம்.

தாளில் சொன்னது அத்தனையும் செய்தாயிற்று. பிறகும் சுவர் ஏன் இப்படிச் சுடுகிறது? அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

சுவரின் அந்தப் பக்கம் புரியாமல் நின்றது இன்னொருவர்.

அண்ணன் பெயின்டர். ஊரில் பாதிச் சுவர் அவர் கைபட்டது. தன் வீட்டுச் சுவரில், நட்டநடுவில், நெட்டுவாக்கில் ஒரு பழுப்புக் கோடு விழுந்ததும் அவருக்கு மானமே போய்விட்டது. முதலில் ஒரு கோட் அடித்தார், இரண்டு நாளில் கோடு திரும்பி வந்தது. சுரண்டித் தேய்த்து, அடிப்பூச்சு கொடுத்து, மறுபடி அடித்தார். மறுபடி வந்தது. இன்று மூன்றாவது முறை. விடிந்ததும், அடுத்த வீட்டு அடுப்பு ஏறுவதற்கு முன்னாலேயே அடித்து முடித்துவிடுவது அவர் வழக்கம். அதனால் சுவர் சுடும் என்ற சங்கதியே அவர் கைக்குத் தெரியாது. பெயின்ட் சீக்கிரம் காய்கிறதே என்று அவருக்குக் கொஞ்சம் மகிழ்ச்சிகூட.

"ஈரம்தான். அந்தப் பக்கம் எங்கேயோ குழாய் ஒழுகுது. அவனுக்கு அதைக்கூடக் கவனிக்கத் துப்பில்ல" என்றார்.

"ஈரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. பேசாம விடுங்களேன்" என்றாள் அண்ணி, மெஷினை விட்டுத் தலை நிமிராமல்.

"மெஷினை ஜன்னல் பக்கம் தள்ளிப் போடு. நான் முழுசா பிரிச்சுப் பாக்கணும்னா..."

அண்ணன் சட்டென்று நிறுத்திக்கொண்டார். பிரிப்பது என்ற பேச்சு அவருக்கே பிடிக்கவில்லை போலிருந்தது.

"இல்ல, வேணாம். பிரிக்கவெல்லாம் வேணாம்" என்று பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அண்ணி நகரவில்லை. அவள் நாற்காலியின் முதுகு அந்தச் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. தைக்க வந்த துணி மூட்டைகள் இரண்டு பக்கமும் சுவர் மேல் சாய்ந்திருந்தன. பள்ளிச் சீருடை, திரைச்சீலை, யாரோ ஒரு பெண்ணின் கவுன். குளிர் வந்தால் அவள் விரல் மூட்டுகள் விறைத்து மடங்காது. ஊசியில் நூல் கோர்க்கவே காலைப்பொழுது போய்விடும். போன குளிருக்கு மெஷினை விற்றுவிடலாமா என்றுகூட நினைத்தவள். இப்போது பத்து நாளாக முதுகுக்குப் பின்னால் சுவர் இதமாக இருக்கிறது, விரல் சொன்ன பேச்சைக் கேட்கிறது. கணவரிடம் சொன்னால் அந்தப் பக்கத்துச் சூடு நமக்கு வேண்டாம் என்று மெஷினைத் தூக்கிவிடுவார். அதனால் வாயே திறக்கவில்லை.

ஆனால் சந்தோஷத்தை எவ்வளவு நேரம் அடக்கி வைப்பது? பின்பக்கம் துணி உலர்த்தப் போனாள். அங்கே கொடி மட்டும் இன்னும் பிரிக்கப்படவில்லை. சின்னவளும் வாளியோடு வந்தாள். புருஷன்மார் பேசாவிட்டால் என்ன, பெண்களுக்குக் கொடி இருக்கிறது.

"என்னக்கா, முகம் பளிச்சுனு இருக்கு?"

"எல்லாம் உன் புண்ணியம்டி." அண்ணி சுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். விரல்களை மடக்கி நீட்டிக் காட்டினாள். "பாரு. ரெண்டு வருஷமா இப்படி மடங்கினதில்ல. உங்க அடுப்பு வந்ததுலேர்ந்து எங்க சுவரு இதமா இருக்கு. முதுகை அதுலயே ஒட்டிக்கிட்டுத் தைக்கிறேன்."

சின்னவளின் கையிலிருந்த துணி வாளிக்குள் விழுந்தது.

"உங்க சுவரா? சுடுதா?"

"சுடலடி. இதமா..."

"அது எப்படிக்கா? அங்க சூடு வரவே கூடாது! அதுக்குத்தானே தகடு, இடைவெளி எல்லாம். நடுவுல பஞ்சு வேற..."

சொல்லிவிட்டு அவளே நின்றாள். பஞ்சு. சூடேறிய பலகைக்குப் பின்னால் இரண்டு மூட்டைப் பஞ்சு. பஞ்சு ஒருமுறை கனிந்தால் வெளியே தெரியாமல் உள்ளேயே பரவும். அதன் மேல் சாய்ந்தபடி, துணி மூட்டைகளுக்கு நடுவில், அக்கா பத்து நாளாக உட்கார்ந்திருக்கிறாள்.

"நகருங்கக்கா" என்று சொல்லிக்கொண்டே, மூன்று வருடமாகக் கால் வைக்காத அந்தப் பக்கத்துக்குள் நுழைந்தாள்.

முதலில் மூட்டைகளை இழுத்துக் கூடத்தின் மறுகோடியில் போட்டாள். நாற்காலியைத் தள்ளினாள். சுவரில் கை வைத்தாள். அக்கா சொன்னது சரி, இங்கே இதம்தான். புதுப் பெயின்டின் வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை, அடிப்பிடித்தது போல, லேசாக. நகத்தால் சுரண்டினாள். வெள்ளைக்குக் கீழே பழுப்பு, அதில் பிசின் கசிந்து ஒட்டியது.

"என்னம்மா பண்றே?" வாசலில் பிரஷ்ஷோடு அண்ணன்.

"இது ஈரம் இல்ல. மரம் வேகுது. சூட்டுல பிசின் கக்குது."

அண்ணன் கையிலிருந்த பிரஷ்ஷைப் பார்த்தார். மூன்று கோட் பெயின்ட் அவர் கண் முன் வந்து போயிருக்க வேண்டும்.

"உடனே பலகைய எடுத்துடணும். உள்ள பஞ்சு கனியுதான்னு பாக்கணும்."

"பஞ்சுக்கு ஒண்ணும் ஆகாது."

"எப்படிச் சொல்றீங்க?"

"ஆகாதும்மா. விடு. நீ உன் பக்கத்து அடுப்பை அணை, அது போதும்."

"உங்க வீட்டுக்காரி இதுல சாஞ்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க! பஞ்சு புகைஞ்சா..."

"புகையாதுன்னு சொல்றேன்ல!"

அண்ணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சின்ன விஷயத்துக்கெல்லாம் ஊரைக் கூட்டுகிற மனிதர், வீடு எரியும் என்கிற பேச்சுக்கு இப்படிக் கல்லாக நிற்கிறாரே என்று அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சின்னவளுக்கோ கோபம் தலைக்கேறியது. தம்பி மேல் உள்ள வீம்பில் பெண்டாட்டியைக்கூடப் பலி கொடுப்பாரா இவர்? விருட்டென்று வெளியேறினாள்.

தன் பக்கம் வந்து காற்றுத் துவாரத்தை மூடி, நெருப்பு தானாக அடங்கும்வரை காத்திருந்தாள். கொதிக்கிற இரும்பில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதும் தாளில் இருந்தது. தகடு கை வைக்கிற பதத்துக்கு வந்ததும் ஸ்டூலைப் போட்டு ஏறி, ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

கடைசி ஸ்க்ரூ வந்ததும் தகட்டுக்குப் பின்னாலிருந்து ஏதோ சரிந்து கலகலவென்று தரையில் விழுந்தது. அலுமினியத் தகடுகள். இரண்டாக, நான்காக மடித்தவை. மெல்லியவை, ஒரு பக்கம் நீலம் படிந்தவை, எழுத்து அச்சானவை. அச்சகத்தில் ஓட்டி முடித்ததும் மூலையில் போடுகிற பிளேட்டுகள். முன்பு கோழிக்கூண்டுக்குக் கூரை போடத் தம்பி கொண்டுவந்த அதே ரகம். ஓர் அங்குல இடைவெளி முழுக்க, தகட்டையும் சுவரையும் இறுக்கிப் பிடித்தபடி, அடுக்கி அடுக்கித் திணித்திருந்தான்.

பின்னால் சுவர்ப் பலகை கறுத்திருந்தது. விரலால் தொட்டாள், கரி ஒட்டியது.

தம்பி வந்தபோது அவள் அந்தக் குவியலின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவன் செருப்போடு நின்றான்.

"எலி கூடு கட்டலங்க" என்றாள் அவள். "நீங்க கட்டியிருக்கீங்க."

"அலுமினியம் எரியாது" என்றான் அவன், ஈனமான குரலில்.

"அலுமினியம் எரியாது. அதுக்குப் பின்னாடி இருக்கறது பலகை. காத்து போற வழிய அடைச்சு, சூட்ட நேரா பலகைக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கீங்க. எதுக்குங்க? எனக்குப் புரியவே இல்ல. எதுக்கு?"

அவன் சுவரைப் பார்த்தான். அவளைப் பார்க்கவில்லை.

"அடுப்பு வர்றதுக்கு முன்னாடி, காலையில மெஷின் சத்தமே கேக்கல."

"என்ன?"

"குளிர் வந்ததுலேர்ந்து, அண்ணி மெஷின் விட்டு விட்டுத்தான் ஓடுச்சு. ரெண்டு மிதி, அப்புறம் நின்னுடும். கை வரலன்னு தெரிஞ்சுது. எனக்குச் சட்டை, பை, பள்ளிக்கூட யூனிஃபார்ம் எல்லாம் தச்சுக் கொடுத்த கை அது. நம்ம பக்கம் வந்து அடுப்புகிட்ட உக்காருங்கன்னு கூப்பிட எனக்கு ஏது வாய்? தகடுக்குப் பின்னாடி கை வச்சேன், சூடு சும்மா மேல போய் வீணாயிட்டிருந்துச்சு. அந்தப் பக்கம் போகட்டுமேன்னு..." அவன் மூக்கை உறிஞ்சினான். "நாமதான் போயிடப் போறோமே. இருக்கிற வரைக்குமாவது."

சின்னவளுக்கு அவனை அறைவதா, அணைத்துக்கொள்வதா என்று தெரியவில்லை. இரண்டையும் ஒத்திவைத்தாள்.

"உள்ள பஞ்சு இருக்கு. முதல்ல பலகைய எடுங்க."

பஞ்சு என்றதும்தான் அவனுக்கு உறைத்தது. உளியையும் சுத்தியலையும் எடுத்துவந்தான். அவள் வாளி நிறையத் தண்ணீரோடு பக்கத்தில் நின்றாள். கறுத்த பலகை அதிகம் முரண்டு பிடிக்கவில்லை. நெம்பியதும் முனை பொடிந்து கழன்றது. அடுத்த பலகையும் வந்தது.

அவள் வாளியை ஓங்கினாள். ஓங்கியபடியே நின்றாள்.

உள்ளே பஞ்சு இல்லை. கனிந்து சாம்பலான பஞ்சும் இல்லை. ஒரு திரி இல்லை. நடுவில் சட்டம் ஒன்று கறுத்து நின்றது. சட்டத்துக்கு இரண்டு பக்கமும் சுத்தமான வெற்றிடம், ஒட்டடையோடு. அதற்கப்பால் அந்தப் பக்கத்துப் பலகை, அதன் இடுக்கு வழியே அண்ணன் வீட்டு விளக்கு. விளக்கை மறைத்துக்கொண்டு ஒரு நிழல், பலகைக்கு வெகு அருகில்.

பஞ்சு இருந்திருந்தால் என்றைக்கோ பற்றியிருக்கும் என்று சின்னவளுக்கு அந்த நிமிடமே தோன்றியது.

தம்பி ஓட்டைக்குள் தலையை விட்டுப் பார்த்தான். மேலே பார்த்தான், கீழே பார்த்தான். மூன்று வருடக் கணக்கு அவனுக்கு எங்கேயோ உதைத்தது.

"பஞ்சு எங்கண்ணே?"

கேட்டுவிட்டான். அண்ணே என்று சொன்னதை அவனே கவனிக்கவில்லை. மெஷின் ஓடவில்லை, அந்தப் பக்கம் மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்டது.

"அந்தச் சட்டம் கறுத்திருக்கா, பாரு" என்றது அண்ணன் குரல்.

"கறுத்திருக்கு. பஞ்சு எங்க?"

"வைக்கல."

"ஏன்?"

அண்ணன் தொண்டையைச் செருமினார். அதுவும் பக்கத்தில் நின்று செருமுகிற மாதிரி தெளிவாகக் கேட்டது.

"அடைச்சுட்டா அப்புறம் நீ இருக்கியா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? நீ ராத்திரி இருமுறது கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும். இப்ப என்ன அதுக்கு?"

தம்பி உளியைக் கீழே வைத்தான். சின்னவள் முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். சூடு அந்தப் பக்கம் போகக் கூடாதென்று பத்து நாளைக்கு முன்னால் ஸ்கேல் வைத்து அளந்த இடைவெளியை அவள் நினைத்திருந்தால் சிரித்திருப்பாள், நினைக்கவில்லை.

"ஒண்ணு மட்டும் சொல்லு" என்றார் அண்ணன், பலகைக்கு அப்பாலிருந்து. இப்போது குரல் கரகரத்தது. "புதன்கிழமை வீடு பாக்க வர்றானே, அந்த ஆளு. அவன்கிட்ட இந்தச் சுவத்தைப் பத்தி என்ன சொல்றதா இருக்க?"

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குசுகுசுவென்று பேசிய ஒவ்வொரு ராத்திரியும் இருவருக்கும் ஞாபகம் வந்தது.

அண்ணன் பக்கத்தில் நாற்காலி நகர்கிற சத்தம். ராத்திரியும் மெஷினை மிதித்துக்கொண்டிருந்ததில் எந்தக் குசுகுசுப்பும் காதில் விழாத ஒரே ஆள் அந்த வீட்டில் அண்ணிதான்.

"வீடு பாக்க வர்றாங்களா?" என்றாள் அவள். "யார் வீட்டை?"

அடுப்பு அணைந்த வீட்டில், இரண்டு பக்கமும், குளிர் இறங்க ஆரம்பித்தது.